நாள்காட்டியைப் பார்த்துக் கிளம்புங்கள்: பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து கோல சிலாங்கூருக்கு ஒரு நாள்

சாலைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். 2007-இல் பெயர் மாறியது. ஊரார் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். யூனிசெல் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த பிள்ளைகள், மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், தோட்டத்து ஆபீசில் வேலை கிடைத்து வந்த கிராணிகள் என்று ஆண்டுதோறும் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வந்த முதல் மாதம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இங்கே செம்பனையைத் தவிர என்ன இருக்கிறது?"

அரை மணி நேரம் மேற்கே போனால் கோல சிலாங்கூர். அங்கே டச்சுக்காரர்கள் பிடித்து ஓராண்டில் பறிகொடுத்த ஒரு கோட்டைக் குன்று இருக்கிறது. அதன் காலடியில் அலையாத்திக் காடு. போகும் வழியில், ஆற்றோரத்தில், உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் தேடி வரும் மின்மினி மரங்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் தவறான நாளில் போனால் மூன்றில் இரண்டு சப்பென்று இருக்கும். பலர் ஏமாந்து திரும்புவது மழையால் அல்ல, நிலாவால்.

முதல் வேலை: நாள் பார்ப்பது

வானிலைச் செயலியை அப்புறம் பார்க்கலாம். முதலில் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியை எடுங்கள்.

மின்மினிக்கு இருட்டு வேண்டும். பௌர்ணமியன்று நிலா, சூரியன் மறையும் நேரத்திலேயே, இரவு ஏழே கால் மணியளவில் எழுந்துவிடும். எட்டு மணிக்குப் படகில் ஏறினால் ஆறு முழுவதும் பால் ஊற்றியதுபோல் இருக்கும். மரத்தில் பூச்சிகள் இருந்தாலும் வெளிச்சத்தில் அவற்றின் மினுக்கல் எடுபடாது. அதற்குப் பிறகு நிலா நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அன்று நிலாவைப் பார்த்துவிட்டுச் சாப்பிட இந்த நாட்டில் ஒன்பதரை, பத்து ஆகிவிடும். அந்த நிலா வராத நேரம்தான் படகுக்கு ஏற்ற நேரம்.

ஆகவே கணக்கு இது: தேய்பிறைச் சதுர்த்தியில் தொடங்கி, அமாவாசை கடந்து, வளர்பிறைத் திருதியை வரை நல்ல நாள்கள். வளர்பிறைப் பஞ்சமிக்கு மேல் பௌர்ணமி தாண்டி இரண்டு நாள் வரை மின்மினிக்குப் போகாதீர்கள். 'அரை நிலாதானே, பரவாயில்லை' என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளர்பிறை அரை நிலா மாலையில் தலைக்கு மேலே நிற்கும். தேய்பிறை அரை நிலா நள்ளிரவுக்குத்தான் எழும். இரண்டும் அரை நிலாதான். ஒன்று உங்கள் பயணத்தைக் கெடுக்கும், மற்றது நீங்கள் தூங்கிய பிறகு வரும்.

விடுமுறைகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டியது. பத்துமலைக்கு வந்த சொந்தக்காரர்களை மறுநாள் மின்மினி காட்ட அழைத்துப் போவது நம் குடும்பங்களில் வழக்கம், அதைவிட மோசமான நாள் வருடத்தில் இல்லை. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் இருட்டுக்குக் குறைவில்லை, ஆனால் அது மழைக்காலம். சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டித் தொடங்கும், அந்த வாரம் அருமை. நோன்புப் பெருநாள் பிறை தெரிந்ததும் வருவது, எனவே அதுவும் இருட்டுதான், ஆனால் முதல் நாள் படகுக்காரர் வீட்டிலும் பெருநாள் என்பதை மறக்க வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாள் பிறை பத்தாம் நாள், நிலா ஏறக்குறைய முழுசாக இருக்கும்.

அமாவாசையில் ஒரு சிக்கலும் உண்டு. அன்று பலர் வீட்டில் சைவம். கோல சிலாங்கூர் போய்விட்டு நண்டும் இறாலும் சாப்பிடாமல் வருவதா என்று வீட்டில் முணுமுணுப்பு எழும். அதற்கு முந்தைய நாளோ மறுநாளோ போனால் இருட்டும் மாறாது, சாப்பாட்டிலும் தகராறு வராது.

கடல் ஏறுவதும் வற்றுவதும்

நிலாவுக்கு இரண்டாவது வேலையும் உண்டு. மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை வற்றும். படகுக்காரர்கள் 'ஆயர் பாசாங்' என்றால் ஏற்றம், 'ஆயர் சூருட்' என்றால் வற்றல். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றமும் மிக உயரமாக இருக்கும், வற்றலும் மிக ஆழமாக இருக்கும். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கரையில் இரண்டுக்கும் இடையே 4 மீட்டர் வரை வித்தியாசம் வரும், ஒரு மாடி உயரத்துக்கும் மேல். அந்த நாள்களில் ஏற்றம் காலை, மாலை ஆறு மணியை ஒட்டியும், வற்றல் நண்பகலை ஒட்டியும் விழும். நேரம் நாளுக்கு நாள் பின்னால் தள்ளிப்போகும் என்பதால், போகும் நாளுக்கு உரிய நேரத்தைக் கிள்ளான் துறைமுகத்தின் ஏற்றவற்ற அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

அலையாத்திக் காட்டில் எதைப் பார்ப்பீர்கள் என்பதை இந்த அட்டவணைதான் முடிவு செய்யும். நீர் வற்றினால் சேற்றில் நண்டும் துள்ளுமீனும். நீர் ஏறினால் சேற்றில் மேய்ந்த பறவைகள் கரைக்கு ஒதுங்கி வரும்.

பைக்குள் என்ன வைப்பது

முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை மூடும் கால்சட்டை. கறுப்பும் அடர்நீலமும் கொசுவை இழுக்கும், வெளிர் நிறமே நல்லது. காட்டில் கொசுவைவிடக் கடுமையாகக் கடிப்பது கண்ணுக்குத் தெரியாத அளவுச் சின்னப் பூச்சி. கடித்த இடம் இரண்டு மூன்று நாள் அரிக்கும். அதற்கு மருந்து எண்ணெயைக் கணுக்காலிலும் காது மடலுக்குப் பின்னாலும் தடவ வேண்டும், பலர் முழங்கையில் தடவிவிட்டுக் கணுக்காலை விட்டுவிடுகிறார்கள்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். காட்டுக்குள் கடை இல்லை. செருப்பு வேண்டாம், பலகைப் பாதையில் பாசி வழுக்கும். பழைய ரப்பர் தோட்டத்து மஞ்சள் காலணி வீட்டில் இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்: எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். 'இருபது மடங்கு' என்று விற்கும் மலிவுச் சரக்கு கையில் நடுங்கும், காட்டு நிழலில் இருட்டாகத் தெரியும். சிறு நோட்டாகக் கொஞ்சம் வெள்ளி, சில்லறை. எல்லாக் கவுண்டரிலும் அட்டை எடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

போக்குவரத்தைப் பற்றி ஒரே வார்த்தை: சொந்த வண்டி. மின்மினி பார்த்து முடிக்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும், அதற்குப் பிறகு பஸ்ஸை நம்ப முடியாது. கோலாலம்பூரிலிருந்து வரும் நண்பர்களை லாத்தார் நெடுஞ்சாலையில் ஈஜோக் வரை வரச் சொல்லுங்கள். டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். மோட்டாரில் போகிறவர்கள் திரும்பும் வழியை நினைத்து விளக்கையும் பிரேக்கையும் முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். இரவில் தோட்டத்து ஓரச் சாலையில் தெருவிளக்கு இல்லாத நீளம் உண்டு. மாடு படுத்திருக்கும், காட்டுப்பன்றி குறுக்கே ஓடும், குலை ஏற்றிய லோரியிலிருந்து விழுந்த செம்பனைப் பழம் சாலையில் உருண்டு கிடக்கும். ஒரு பழம்தானே என்று ஏற்றினால் மோட்டார் சறுக்கிவிடும்.

இன்னொன்று: குறுக்குவழி என்று கைப்பேசி வரைபடம் காட்டும் மண்சாலைகளில் பாதி தோட்டத்துக்குச் சொந்தமானவை. வாசலில் காவலுக்கு ஜாகா இருந்தால் நிறுத்திக் கேட்டுவிட்டுப் போங்கள். இருட்டில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காலை 7 மணி: அலையாத்திக் காடு

தாமான் ஆலாம் கோல சிலாங்கூர் என்று கேட்டால் வழி சொல்வார்கள், குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987-இல் உருவான இடம். ஏழு மணிக்கு வாசலில் நிற்பது நல்லது, பத்து மணிக்கு மேல் பறவைகள் அடங்கிவிடும், வெயிலும் சேற்று நாற்றமும் எழும்.

கவுண்டரில் பெயர் எழுதும்போதே எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேளுங்கள். சதுப்பில் மரப்பலகைகள் சீக்கிரம் உளுத்துப் போகும், பழுதுபார்ப்புக்காகச் சில பகுதிகளை அடைத்து வைப்பது உண்டு. கயிறு கட்டியிருந்தால் தாண்டிப் போகாதீர்கள். கீழே இருப்பது தொடை அளவுச் சேறு.

உள்ளே நுழைந்ததும் பெரும்பாலானோர் செய்யும் தவறு வேகமாக நடப்பது. வனவிலங்குப் பூங்காவில் கூண்டுக்குக் கூண்டு நடப்பதுபோல் நடந்தால் அரை மணியில் சுற்றி முடித்து, 'ஒன்றுமே இல்லை' என்று வெளியே வருவீர்கள். உப்பங்கழி ஏரிக்கு எதிரில் உள்ள பார்வை மறைவிடத்தில் உட்கார்ந்து இருபது நிமிடம் பேசாமல் இருங்கள். முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்காது. அப்புறம் ஒரு கட்டை நகரும், அது உடும்பு. ஓரத்தில் சாம்பல் நாரை ஒரு காலில் நிற்பது தெரியும். மீன்கொத்தி நீல மின்னலாகக் கடந்து போகும். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் வரிசையாக நீந்திப் போகும். பால்வெள்ளை நாரையை வளர்த்துப் பெருக்கும் முயற்சி இங்கே நடந்தது. வெள்ளை உடல், மஞ்சள் அலகு, சிவந்த முகம் என்று பெரிய பறவை ஒன்று தெரிந்தால் இரண்டாம் முறை பாருங்கள்.

செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கே சைபீரியாப் பக்கமிருந்து வலசைப் பறவைகள் வந்து தங்கும். சேற்றில் மேயும் சின்னக்கால் பறவைகளைப் பார்க்க ஆசைப்பட்டால் இந்த மாதங்களில், நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் போக வேண்டும். வற்றலின்போது அவை பல நூறு மீட்டர் தள்ளிப் புள்ளியாகத்தான் தெரியும்.

நீர் இறங்கியிருந்தால் பலகைப் பாதையில் குந்தி உட்காருங்கள். குழந்தைகளோடு வந்தவர்களுக்கு இந்த ஓர் இடமே போதும். சேற்றில் கண்கள் தலைக்கு மேல் துருத்திக்கொண்டு ஒரு மீன் நடக்கும். மலாயில் பெலாச்சாக். செவுள் அறையில் தண்ணீரை அடக்கிக்கொண்டும் ஈரத்தோலால் மூச்சு வாங்கிக்கொண்டும் கரையில் சமாளிக்கிறது. தோல் காய்ந்தால் மூச்சு முட்டும் என்பதால் அடிக்கடி பக்கவாட்டில் புரண்டு உடம்பில் சேறு பூசிக்கொள்ளும். இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால் முதுகுத் துடுப்பு கொடிபோல் விறைத்து எழும். பக்கத்தில் ஒரு கையில் மட்டும் பெரிய கொடுக்கு வைத்த நண்டு அதை மேலும் கீழும் ஆட்டும். பெண்ணைக் கூப்பிடுகிறது. சின்னக் கையால்தான் சாப்பிட முடியும், பெரிய கை வெறும் ஜம்பம்.

மரங்களில் இரண்டை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டால் காடு புரியத் தொடங்கும். பென்சில்களை நட்டு வைத்ததுபோல் சேற்றிலிருந்து வேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அது அப்பி அப்பி மரம். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மூச்சு வாங்க வெளியே வருகிறது. அதன் இலையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியாகக் கக்குகிறது. வளைந்த கால்கள்போல் வேரை ஊன்றி நிற்பது பாக்காவ். அதில் முருங்கைக்காய்போல் தொங்குவது காய் அல்ல, மரத்திலேயே முளைத்துவிட்ட கன்று. நம் ஆட்கள் சத்தே சுடவும் இரும்பு அடுப்புக்கும் வாங்கும் நல்ல கரி இந்தப் பாக்காவ் மரத்துக் கரிதான்.

குன்றுக்கு மாலையில்

நண்பகலில் புக்கிட் மெலாவாத்தி ஏறுவது தண்டனை. அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனாம்பாங் மீனவக் கிராமம், கடல் உணவுக்குப் பெயர் போனது. நண்டும் மீனும் எடைக்கு விற்பார்கள். சமைக்கச் சொல்லும் முன்பே ஒரு கிலோ என்ன விலை, இந்த நண்டு எத்தனை கிலோ என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். பில் வந்த பிறகு வாய்ச்சண்டை போடுவதில் பயனில்லை. சைவம் என்றால் பட்டணத்திலேயே சாப்பிடுங்கள், அல்லது வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள்.

நான்கரை மணிக்கு மேல் குன்று. வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் காரை மேலே விடமாட்டார்கள், அடிவாரத்திலிருந்து டிராம் வண்டி போகும். நடந்தால் இருபது நிமிடம். வயதானவர்கள் இல்லையென்றால் நடங்கள், நிழல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை நேரத்துக்குக் கவுண்டர்கள் மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே பார்ப்பதற்கு முன் கதை கொஞ்சம் தெரிந்தால்தான் கல்லுக்கும் பீரங்கிக்கும் அர்த்தம் வரும். ஆற்றின் வாயையும் கடலையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடிவதால் இந்தக் குன்றைப் பிடித்தவர் கையில் சிலாங்கூர் ஆற்று வாணிபம். 1784-இல் டச்சுக்காரர்கள் சுல்தான் இப்ராஹிமை விரட்டிவிட்டுக் கோட்டையைப் பிடித்தார்கள். பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங் பெயரில் ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். சுல்தான் பகாங்குக்குப் போய் ஆள் திரட்டி 1785-இல் திரும்பி வந்து மீட்டுக்கொண்டார். பிறகு 1871-இல் ரினால்டோ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் கடலிலிருந்து இந்தக் கோட்டையைச் சுட்டது. பீரங்கிகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் அதே டச்சுப் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓராண்டுகூட நிலைக்காதவன் வைத்த பெயர் விளக்கில் ஒட்டிக்கொண்டது வேடிக்கைதான். பக்கத்தில் பைத்துல் ஹிலால் என்ற பிறை பார்க்கும் இடம். ரமலான், ஷவ்வால் மாதங்களின் பிறையை நாட்டில் அதிகாரபூர்வமாகப் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று. பிறை பார்க்கும் அந்த மாலைகளில் குன்றில் கூட்டம் நிறைந்திருக்கும், வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்கள் அடக்கமாகியுள்ள அரச கல்லறை இங்கே இருக்கிறது. நம் கோயிலுக்குள் போவதுபோலவே நடந்துகொண்டால் போதும்: குட்டைக் கால்சட்டை வேண்டாம், சத்தம் வேண்டாம், வேலிக்குள் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். துரோகிகளைத் தள்ளியதாகச் சொல்லும் விஷக் கிணறும், தலை வெட்டியதாகச் சொல்லும் கல்லும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இனி குரங்குகள். இரண்டு வகை, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெள்ளி பூசிய கறுப்பு மயிர், உச்சியில் கூம்பு முடி, அமைதியாக மடியில் வந்து உட்காரக்கூட யோசிக்காதது லூத்தோங். அதன் குட்டி பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், சில மாதங்களில் கறுத்துவிடும். மற்றது சாம்பல்பழுப்பு நிற நீள்வால் குரங்கு, திருட்டுக்குப் பிறந்தது. பிளாஸ்டிக் பை சரசரத்தாலே வரும். பல்லைக் காட்டிச் 'சிரித்தால்' அது சிரிப்பல்ல. கண்ணை நேராகப் பார்க்காமல் மெல்ல விலகுங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள்.

லூத்தோங்குக்குக் கொடுக்க நீட்டுப் பயற்றங்காய், வேர்க்கடலை, ரொட்டி விற்பார்கள். எல்லோரும் கொடுக்கிறார்கள். கொடுக்காதீர்கள் என்பதே எங்கள் பேச்சு. மாட்டைப்போல் அறை அறையாகப் பிரிந்த வயிறு அதற்கு. இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கும் வயிறு அது, ரொட்டியும் இனிப்பும் போனால் உள்ளே அமிலம் ஏறிக் கெட்டுவிடும். புல் தின்ன வேண்டிய மாட்டுக்கு லட்டு ஊட்டினால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

இதேபோல் ஆற்றில் கோழித்தோலை வீசிக் கழுகைக் கூப்பிடும் படகுச் சவாரியும் உண்டு. வருபவற்றில் பெரும்பாலானவை வெள்ளைத் தலை, செம்பழுப்பு உடல் கொண்ட கருடன். வீட்டு முற்றத்தில் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவைதான். தோலுக்குப் பழகிய பறவை தானாக வேட்டையாடுவதை விட்டுவிடும் என்று இயற்கை ஆர்வலர்கள் எதிர்க்கிறார்கள். குன்று உச்சியில் நின்றாலே அது தலைக்கு மேல் வட்டமிடும், காசும் வேண்டாம், தோலும் வேண்டாம்.

ஏழு மணிக்குச் சூரியன் கடலில் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும்.

கடலுக்கு நடுவே கண்ணாடி

ஜெராம் பக்கம் சாசாரான் கடலில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்கள் மட்டும் நடுக்கடலில் மணல்திட்டு தலைகாட்டும். அதன்மேல் தேங்கும் மெல்லிய நீரில் வானம் தெரிவதால் 'ஸ்கை மிரர்' என்று பெயர். முன்பதிவு செய்து படகில் போக வேண்டும். போய் வர அரை நாள் ஆகும், நேரம் நண்பகல் வற்றலை ஒட்டியே அமையும். அன்று அலையாத்திக் காட்டைச் சேர்க்க முயலாதீர்கள், இரண்டும் அரைகுறையாகிவிடும். காற்று அடித்தால் நீர் கலங்கிக் கண்ணாடி உடைந்துபோகும், அதற்குப் படகுக்காரர் பொறுப்பல்ல. முதல் முறை வருகிறவர்கள் இதை விட்டுவிட்டு இன்னொரு அமாவாசைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலேயே உள்ள ராஜா மூசா கரிச்சதுப்புக் காட்டைப் பற்றியும் கேட்பார்கள். அது வனத்துறையின் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் போகக்கூடாது. காய்ந்த மாதங்களில் அந்த மண்ணே எரியும். மேலே அணைந்ததுபோல் தெரிந்து அடியில் நாள்கணக்கில் புகையும். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினாலும் சிகரெட் துண்டை வீசாதீர்கள். பழைய ஈயக்குட்டைகளில் தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களுக்கு: கரை மணல் இளகும், ஓரம் சட்டென்று ஆழமாகும். குழந்தைகளை இறக்க வேண்டாம்.

இரவு 8 மணி: மின்மினி

கம்போங் குவாந்தான் கோல சிலாங்கூரிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர், நாம் வீட்டுக்குத் திரும்பும் வழியில். அதனால்தான் காலையில் நேராகப் பட்டணத்துக்குப் போய், மின்மினியைக் கடைசியில் வைக்கச் சொல்கிறோம். சாலையில் 'கெலிப் கெலிப்' என்ற பலகை தெரியும். அக்கரையில் புக்கிட் பெலிம்பிங் பக்கமும் படகுகள் உண்டு, அங்கே மின்மோட்டார் படகு. குவாந்தானில் நான்கு பேர் உட்காரும் சின்னச் சம்பான், துடுப்புப் போடுவார்கள். சத்தம் இல்லாமல் மரத்துக்குக் கையெட்டும் தூரம் வரை போகும் என்பதால் முதல் முறைக்குச் சம்பானே சிறந்தது. படகில் ஏறத் தயங்கும் பாட்டிமார்கள் இருந்தால் அகலமான மின்படகு.

ஏழே முக்காலுக்குள் சீட்டு எடுத்துவிடுங்கள். நல்ல இருட்டு நாளில் வரிசை நீளும். மழை வலுத்தால் படகை நிறுத்திவிடுவார்கள். ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாலைகளில் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். தூறல் நின்று ஒரு மணி நேரம் கழித்துப் பூச்சிகள் திரும்ப மினுக்கத் தொடங்கும், ஆகவே லேசான மழைக்கு உடனே வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

சம்பானில் ஒருவர் பின் ஒருவராக, குனிந்து, நடுவில் காலை வைத்து ஏறுங்கள். கனமானவர் நடுவில். உயிர்காப்பு அங்கியின் வாரைக் கட்டிய பிறகே உட்கார வேண்டும். கைப்பேசியை அணைத்துப் பையில் போடுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும், ஒரு முறை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. கைப்பேசியில் படமும் விழாது, நகரும் படகில் நல்ல கேமராவிலும் கோடுகள்தான் விழும். பிளாஷ் அடித்தால் பூச்சிகள் மினுக்குவதையே நிறுத்திவிடும், படகில் உள்ள மற்ற மூன்று பேரும் உங்களைச் சபிப்பார்கள்.

முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு கரையில் ஒரு மரம் மட்டும் இழை இழையாக மினுங்குவது தெரியும். நெருங்க நெருங்க, மரம் முழுவதும் ஒரே தாளத்தில் எரிந்து அணையும், வினாடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை. இது தெரோப்டிக்ஸ் டெனர் என்ற இனம், அரிசிமணி அளவுதான். இலையில் உட்கார்ந்து சேர்ந்து மினுக்குபவை ஆண்கள். பெண்களைக் கவரத்தான் இந்தக் கச்சேரி.

எல்லா மரத்திலும் ஏன் இல்லை என்று கேட்பார்கள். உட்காரும் மரம் பெரும்பாலும் பெரெம்பாங். உப்பும் நன்னீரும் கலக்கும் ஆற்றோரத்தில்தான் வளரும். ஆனால் மரம் மட்டும் இருந்தால் போதாது. பெண் பூச்சி முட்டையிடுவது கரையின் ஈரமண்ணில். புழு அங்கே, மரத்துக்குப் பின்னால் உள்ள புதரிலும் நிப்பா, சாகோ நிழலிலும், சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. பின்னால் உள்ள புதரை வெட்டி ஆற்று விளிம்பு வரை செம்பனை நட்டு, களைக்கொல்லி அடித்தால் நத்தை போய்விடும். அப்புறம் மரம் நின்றாலும் விளக்கு எரியாது. தோட்டத்தில் மருந்து தெளிக்கும் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: ஆற்றோரத்தில் சில வரிசைகளை ஏன் விட்டுவைக்கச் சொல்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு பூச்சி தானாகக் கையில் வந்து உட்கார்ந்தால் பார்க்கலாம், ஆனால் கொசு மருந்து தடவிய கையில் அல்ல. படகில் ஏறும் முன்பே உள்ளங்கையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். புட்டியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பிள்ளைகள் கேட்கும், 'காலையில் செத்துக் கிடக்கும்' என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

கரை இறங்கியதும் காரில் ஏறும் முன் சட்டை மடிப்பையும் தலைமுடியையும் தட்டிப் பாருங்கள், ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பத்தாங் பெர்ஜுந்தையில் அதற்குப் பெரெம்பாங் மரம் கிடையாது. ஆற்றோரப் புதரில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.